ஸ்ப்ளூகன் மலையின் வலப்பக்க வளைவு

ஆரணி, கவின், இதை இரண்டு பேரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். கவினுக்கு விளங்காத சொல்லை அக்கா சொல்லிக் கொடுக்கட்டும். முதலில் ஒன்று: அப்பாவுக்குப் பெரிய காயம் எதுவும் இல்லை. இடது முழங்காலில் ஒரு கண்டல், அவ்வளவுதான். பயம்தான் பெரிது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை 6.20. ஆராவ் நகரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டது வரை நீங்கள் பார்த்தீர்கள். அம்மா கோயிலில் பூசைக்கு வைத்தெடுத்த தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான் சொல்கிறேன், நூலில் கோத்து என் மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் கட்டினா. சிவம் அண்ணை ஹோர்ன் அடித்தார். மேல்மாடிப் பெண்மணி யன்னலைத் திறந்து எங்களை முறைத்தா. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

நாங்கள் போவது இத்தாலியின் தெற்கே பலெர்மோவுக்கு, சிவம் அண்ணையின் தங்கச்சி வீட்டுக்கு. போக மட்டும் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு கிலோமீற்றர். ஐம்பத்திரண்டு வயதில் மோட்டார் சைக்கிள் பழகி ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கவின் கேட்டான். அன்றைக்கு நான் சிரித்து மழுப்பினேன். உண்மை இதுதான். ஏரியில் நீந்த வாங்கோ என்று கூப்பிட்டீர்கள், மலைக்குக் கம்பியில் தொங்கும் பெட்டியில் போவோம் என்று கேட்டீர்கள். நான் எல்லாவற்றுக்கும் "பிறகு பார்ப்பம்" என்றேன். ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை கூடுதல் என்று சொன்னேன். வேலை அல்ல, பயம். ஒரு தடவையாவது பயந்துகொண்டே ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்றுதான் வந்தேன்.

சூரிச்சைத் தாண்டும்போது ஒரு பாரவண்டி என்னை முந்தியது. அதன் காற்று என்னை முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. வாலன் ஏரிக்கரையில் கோப்பிக்கு நின்றோம். ஒரு கோப்பி ஐந்து பிராங் நாற்பது. கோப்பையைப் பிடிக்க என் விரல்கள் மடங்கவில்லை.

"என்னடா யோகன், மாட்டின்ர கொம்பைப் பிடிக்கிறமாதிரிப் பிடிச்சுக்கொண்டு வாறாய்?" என்றார் சிவம் அண்ணை. அவர் சமையல்காரர். சூடான சட்டியையே வெறுங்கையால் தூக்குகிறவர்.

"விட்டா ஓடிப்போடும் அண்ணை."

"ஓடுறதுக்குத்தானடா அதை வாங்கினனி!"

காலை 10.50. கூர் நகரம். ஆராவிலிருந்து 165 கிலோமீற்றர். அங்கே எங்கள் சிநேகிதன் கண்ணன் வீட்டில் தங்கினோம். அவன் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். என்னைவிடப் பத்து வயது இளையவன். அங்கிருந்து அவனும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. பிட்டும் மீன்குழம்பும் தந்தான். எனக்கு இறங்கவில்லை. மறுநாள் ஏற வேண்டிய மலையின் படத்தை அவன் தொலைபேசியில் காட்டியிருந்தான். ஆரோ கயிற்றை மடித்து மடித்து மலையில் போட்டுவிட்டதுபோல இருந்தது வீதி.

ஞாயிறு காலை 7 மணி. இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். முதல்நாள் வழி முழுக்க அந்தத் தேசிக்காய் காற்றில் ஆடி முன்விளக்கில் டொக் டொக் என்று இடித்துக்கொண்டே வந்தது. அது அறுந்து விழுந்தால் அபசகுனம் என்று மனதுக்குள் ஒரே கரைச்சல். கண்ணன் வீட்டு முற்றத்தில் நூலைக் குறுக்கி, முன்சில்லைத் தாங்கும் வலப்பக்கக் குழாய்க்குப் பின்னால் தேசிக்காயை இறுக்கிச் செருகி, ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இனி விழாது என்று நிம்மதி. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முற்றத்திலிருந்து வீதி நேர். ஸ்ப்ளூகன் கிராமம் வரை ஐம்பது கிலோமீற்றரும் அகலமான பாதை.

9.35. கிராமத்தைத் தாண்டி ஏறத் தொடங்கினோம். மேலே கணவாய் 2115 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சிவம் அண்ணை முன்னால், நான் நடுவில், கண்ணன் பின்னால். முதல் வளைவுகள் அகலம், தப்பினேன். பிறகு வலப்பக்கம் கூராக மடியும் ஒரு வளைவு வந்தது. ஹாண்டிலைத் திருப்பினேன். பாதிவரை வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆரோ எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. மோட்டார் சைக்கிள் வளையாமல் இடப்பக்கம், எதிர் வாகனங்கள் வரும் பக்கம், போனது. மேலே மூன்று சுரத்தில் ஹோர்ன் கேட்டது. மஞ்சள் தபால் பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது.

பிரேக்கை அமத்தினேன். மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது, நானும் சரிந்தேன். கிடந்தபடி பார்த்தேன். பஸ்ஸின் முன்சில்லு என் தலைக்கவசத்திலிருந்து ஒரு கதிரை போடும் தூரத்தில் நின்றது. நான் உங்களை நினைத்தேன் என்று எழுத ஆசை. நினைக்கவில்லை. சில்லில் ஒட்டியிருந்த ஒரு சின்னக் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாரதி இறங்கி ஓடி வந்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று கண்டதும் பஸ்ஸைக் காட்டி, "உள்ளே இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று ஜேர்மனில் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் கண்ணனும் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்கள். ஹாண்டிலை ஆட்டிப் பார்த்த கண்ணன் குனிந்து, நசிந்த தேசிக்காயை நூலோடு இழுத்து எடுத்தான். குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவில் அது இறுகியிருந்தது. சாறு வழிந்து இரும்பு பளபளத்தது.

"லிமெட்டே?" என்று தேசிக்காயைக் காட்டிக் கேட்டார் சாரதி.

"பாதுகாப்புக்கு," என்றார் அதற்குள் திரும்பி வந்துவிட்ட சிவம் அண்ணை, அவருக்குத் தெரிந்த ஜேர்மனில். சாரதி அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறிப் போனார்.

பஸ் மறைந்த பிறகுதான் சிவம் அண்ணைக்கு வாய் வந்தது. "விசரா! தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ வைக்கிறவை. ஹாண்டிலுக்கு ஆப்பு வைக்கிறவையோ?"

"பேசாதேங்கோ அண்ணை, ஆள் வெளிறிப்போய் நிக்குது," என்றான் கண்ணன்.

பிள்ளைகளே, அம்மாவில் பிழை இல்லை. அவ கட்டியது சரி. மாற்றிக் கட்டியது நான்.

10.30. மெதுவாக உருட்டிக்கொண்டு ஸ்ப்ளூகன் கிராமத்துக்கே இறங்கினோம். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது, கிளச் பிடி வளைந்திருந்தது, ஆனால் வேலை செய்தது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் சிவம் அண்ணை தோளில் கை போட்டார்.

"தம்பி, வெக்கப்படாத. இதைக் கண்ணன்ர சிநேகிதர் ஆரும் கூருக்குக் கொண்டுபோவினம். நீ ரெயினில மிலானோவுக்கு வா, அங்க சந்திப்பம். வீட்டில எஞ்சின் பழுது எண்டு சொல்லலாம்."

அந்த நேரம் எனக்கு அது அமிர்தம்போல இருந்தது. 'ஓம்' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. தேசிக்காய் போய்விட்டது, இனி ஹாண்டில் திரும்பும் என்று அறிவு சொன்னது. கை நம்பவில்லை.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ அண்ணை," என்றேன்.

"எங்க போறாய்?"

"இந்தா வாறன். நீங்கள் சாப்பிடுங்கோ. ஒருத்தரும் வரவேண்டாம்."

கிராமத்தின் ஓரத்தில் பனிச்சறுக்குக்கு வருகிறவர்களின் பெரிய வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. கோடை என்பதால் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு கல்லை எடுத்து வீதியின் அகலத்துக்கு வைத்தேன். ஹாண்டிலை வலப்பக்கம் முட்டும்வரை திருப்பினேன். முட்டும்வரை போனது. இரண்டு காலையும் நிலத்தில் இழுத்துக்கொண்டு முதல் கியரில் சுற்றினேன். நாலாவது தடவை காலைத் தூக்கியதும் சரிந்து விழுந்தேன். இருநூறு கிலோவுக்கு மேல் பாரம். பழக்கிய ஆசிரியர் காட்டித் தந்தபடி முதுகை இருக்கையில் சாய்த்து, பின்பக்கமாகக் கால்களால் உந்தித் தனியாகவே நிமிர்த்தினேன். ஒன்பதாவது தடவை கால் நிலத்தில் படவில்லை, இரண்டு கல்லுக்கும் நடுவால் திரும்பினேன். என் மூச்சில் தலைக்கவசத்தின் கண்ணாடி முழுக்க மங்கிப்போயிருந்தது. நிறுத்தி, கவசத்தைக் கழற்றி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பத்தாவது தடவைக்குக் கிளச்சை விட்டேன்.