அத்தான் கேட்டு வாங்கிய தேன்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பழுப்பு நிறச் சாடி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. ஊறுகாய் போட அதைத் தரும்படி மருமகள் பலமுறை கேட்டுவிட்டாள். நான் கொடுப்பதில்லை. அது என் அக்காவின் தேன் சாடி. சீனிக்குப் பெருந்தட்டுப்பாடாக இருந்த உலக யுத்தக் காலத்திலும் அது எங்கள் வீட்டில் வெறுமையாக இருந்ததில்லை. கிரான் பக்கத்துக் காடுகளுக்குப் போய் வருகிறவர்கள் தேன் கொண்டுவந்து தருவார்கள். அக்கா அதைத் துணியில் வடித்து, வாய் கட்டி, எறும்பு ஏறாதபடி தண்ணீர்த் தட்டின் நடுவில் வைத்திருப்பாள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். அப்படி வந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். அவர் வட்டை விதானை. வயல்வெளிக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு. வந்த மாப்பிள்ளை மெலிந்தால் பழியெல்லாம் பெண்ணின் தலையில்தான் விழும். அத்தானோ கண் முன்னே மெலிந்துகொண்டு போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அவருடைய மூத்த சகோதரி வரும்போதெல்லாம், “எங்கட தம்பிய எப்பிடி அனுப்பின நாங்க, இப்ப எப்பிடி இரிக்கான்!” என்று அக்காவின் காதில் விழும்படி சொல்லுவார். அக்கா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

ஊர் மருந்துச்சாலையில் டாக்டர் கிடையாது, மருந்து கலந்து கொடுக்கும் அப்போதிக்கரிதான் எல்லாம். கடுகடுப்பான மனிதர். நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் அத்தானின் சிறுநீரைக் கலந்து சூடாக்கினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சிறுநீரில் சீனி போகிறது, சலரோகம் என்றார். சீனியும் சர்க்கரையும் கூடாது, சோற்றைக் குறைக்க வேண்டும், மாட்டு வண்டியை விட்டுவிட்டுக் காலையும் மாலையும் நடக்க வேண்டும், யானைக் காவலுக்கென்று வயலில் விழித்துக் கிடக்காமல் நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அத்தான் அதை அப்படியே கேட்டார். ஆசைப்பட்டதை உண்டு வளர்ந்த மனிதர், குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டு, முருங்கையிலை, வாவி மீன் என்று வாயைக் கட்டினார். கரையோரமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார். “விதானையார் மாட்ட வித்துப் போட்டாரோ?” என்று கேலி செய்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார். காவலுக்கு வேறு ஆட்களை அனுப்பிவிட்டு, பொழுது பட்டதும் பாயை விரித்துவிடுவார்.

ஆனால் குழாய் மட்டும் ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறத்தில்தான் வந்து நின்றது. இதற்கிடையில் கால் பெருவிரலில் முள் குத்திய புண் ஆறாமல் கறுத்துப்போயிற்று. “நீர் களவாத் தின்னுறீர். இப்பிடியே போனாக் கால எடுக்க வேண்டி வரும்” என்று அப்போதிக்கரி எல்லார் முன்னாலும் ஏசினார். யாருடைய தண்ணீரையும் யாருக்கும் களவாகத் திருப்பிவிடாத மனிதருக்கு அந்தச் சொல் எப்படி வலித்திருக்கும்! கால் போனால் வரம்பில் நடப்பது எப்படி? அன்று அவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

பிறகு புண்ணைக் கட்ட அப்போதிக்கரியே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அத்தானின் மூத்த சகோதரியும் அன்று வந்திருந்தார். வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அக்கா எருமைத் தயிரைக் கோப்பையில் போட்டு, மேலே தேனை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

“சாப்பிடுங்க ஐயா, நல்ல காட்டுத் தேன். இவருக்கும் உடம்பு தேறட்டுமெண்டு நாள் தவறாம விடியவே இஞ்சிச் சாத்தில கலந்து குடுக்கிறன். சீனியெண்டா இந்த வீட்டில ஒரு மணியும் இல்ல.”

பெருமையோடுதான் சொன்னாள். அப்போதிக்கரி எடுத்த கோப்பையைக் கீழே வைத்தார்.

“தேன் இனிப்பில்லையா தங்கச்சி?”

“தேன் மருந்தெல்லோ ஐயா?”

எங்களுக்கு அது மருந்துதான். எந்தப் பரியாரி சூரணம் கொடுத்தாலும் தேனில் குழைத்துத்தான் சாப்பிடச் சொல்லுவார். அதை இனிப்பென்று நானும் நினைத்ததில்லை, அத்தானும் நினைத்ததில்லை.

“உள்ளுக்குப் போனா ரெண்டும் ஒண்டுதான். இவ்வளவு நாளும் இவருக்கு நீங்க...” என்று அப்போதிக்கரி தொடங்கும்போதே மூத்த சகோதரி எழுந்துவிட்டார். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. அந்த அம்மா வாய் திறந்திருந்தால், புருஷனுக்கு நஞ்சு கொடுத்தவள் என்று சாகும்வரை ஊர் சொல்லியிருக்கும்.

“அவள ஒண்டும் சொல்லாதீங்க” என்றார் அத்தான். “வேணாம் வேணாமெண்டுதான் சொன்னவள். நான்தான் கரைச்சல் குடுத்துக் கேட்டு வாங்கிக் குடிச்சன்.”

அப்போதிக்கரி அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். சகோதரி தம்பியைத் திட்டித் தீர்த்தார். அத்தான் செய்யாத களவை ஏற்றுக்கொண்டு, தலை குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே அக்கா சாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். சில மாதங்களில் குழாயில் மஞ்சள் வந்தது, பிறகு பச்சை, ஒருநாள் நீலம் நீலமாகவே நின்றது. பெருவிரலைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. புண் ஆறிய பிறகு அத்தான் மாலையில் மெல்ல நடக்கப் போனால் அக்காவும் கூடவே போவாள். வேலையில்லாமல் ஒரு பெண் புருஷனோடு கரையில் நடப்பதா என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது. அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. அத்தான் அதன் பிறகும் பல போகம் வரம்பில் நடந்தார்.

இப்போது எனக்கும் அந்தச் சலரோகம்தான். நானும் வாயைக் கட்டி, மாலையில் நடந்துவிட்டு வருகிறேன். நேற்றும் மருமகள், “சும்மா கிடக்கிற சாடிதானே மாமி?” என்றாள். முதல் தடவையாக அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அத்தான் போய் நெடுநாளைக்குப் பிறகு, தானும் படுக்கையில் விழுந்தபோது இந்தச் சாடியை என்னிடம் தந்து அக்கா சொன்னதையும் சொன்னேன்.

“அந்த மனிசன் ஒரு நாளும் கேட்டதில்ல புள்ள. அவருக்குத் தேனே பிடிக்காது. நான் குடுத்தனெண்டுதான் குடிச்சவர்.”

மருமகள் சாடியை எடுத்துத் தூசி துடைத்து, மறுபடியும் கவிழ்த்து வைத்தாள்.