ஏனுங்க என்றொரு படகு

“தண்ணி வருது, தண்ணி வருது” என்று ருக்மணி அக்கா மேலே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் என்ஜினுக்குக் கீழே குப்புறப் படுத்து, எங்கிருந்து வருகிறது என்று கையால் தடவிக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் ஒரு பம்ப் மெக்கானிக்கின் காதில் விழக்கூடிய நல்ல செய்தி அது. அங்கே கணபதி ஏரியாவில் போர்வெல் மோட்டார் பார்த்த காலமெல்லாம் அந்த வார்த்தைக்காகத்தான் வெயிலில் நின்றிருக்கிறேன். பாய்மரப் படகில் சேர்ந்த பிறகு அதுவே கெட்ட செய்தி ஆகிவிட்டது.

படகு கதிர்வேல் சாருடையது. பம்ப் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவி ருக்மணி அக்காவும் வருடத்தில் பாதியை இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவே கழித்தார்கள். கிழக்கே, வரைபடத்தின் ஓரத்தில், ஆளில்லாத மூன்று சின்னத் தீவுகள் இருந்தன. இருவரும் போக ஆசைப்பட்டது அங்கேதான். ஒவ்வொரு வருடமும் பாதி வழியில் காற்று மாறிவிடும், திரும்பிவிடுவார்கள். என்ஜின் நன்றாக இருந்தால் காற்றை நம்ப வேண்டியதில்லை என்று என்னைக் கூட்டிப்போனார்கள்.

படகில் வேலை பார்த்தவர்கள் நம்மில் குறைவுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வேலை பார்த்தவர்கள் நிறைய இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டு, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்துவிட்டு மேலே வந்தேன். அக்கா காப்பி டம்ளரை நீட்டினார்.

“நம்ம தொண்டாமுத்தூர்த் தோட்டத்துல ஆயரம் அடி போட்டும் வராத தண்ணி, இங்க கூப்புடாமயே ஊட்டுக்குள்ள வருது பாரு கண்ணு.”

*பெயர்*

படகின் பெயர் ‘கதிர்’. வாங்கிய உற்சாகத்தில் சார் தன் பெயரையே வைத்துவிட்டார். பெயர் வைத்தபோது ரேடியோவைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

ஒரு படகை ரேடியோவில் கூப்பிட வேண்டுமென்றால் அதன் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அக்கா கையடக்க ரேடியோவோடு கரைக்குக் காய் வாங்கப் போவார். வாங்கி முடித்ததும், ரப்பர் படகில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அக்கா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதனால் “ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க” என்பார். நங்கூரம் போட்டு நிற்கும் எல்லாப் படகுக்கும் அது கேட்கும். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் படகின் பெயர் ‘ஏனுங்க’ ஆகிவிட்டது. எழுத்துக் கூட்டி எழுதிக்கூட வைத்திருந்தார்கள்.

“படகோட பேரச் சொல்லித்தானே கூப்புடோணும், அதுதான ரூலு?” என்று சார் ஒருநாள் கோபித்துக்கொண்டார். அக்கா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னார்:

“அந்த ரூலு போட்டவருக்குப் பொண்டாட்டி இருந்திருக்க மாட்டாளுங்க.”

*மாரியக்கா*

மாரிக்கே என்று ஒரு டச்சுக்காரப் பெண்மணி. அறுபதுக்கு மேல் வயது, தனியாகவே படகு ஓட்டுபவர். அக்கா அவரை மாரியக்கா ஆக்கிவிட்டார். மாரியக்கா தன் படகின் பம்ப் கெட்டுப்போனபோது அதை மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டு வந்து, “‘ஏனுங்க’ படகு இதுதானே?” என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

பம்பைப் பிரித்துப் போட்டிருந்தேன். மாரியக்கா அரிசிம்பருப்பு சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டபடி, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சார் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ‘ஏன்’ என்று மரியாதையாகக் கேட்பது என்றேன். மாரியக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். பிறகு, நடுக்கடலில் தன்னை அப்படிக் கேட்க ஆளில்லை என்றார். யாராவது கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். நான் அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

“பதுலெல்லாம் கெடையாதுன்னு சொல்லு கண்ணு. மூணாந்தடவைக்குத் திரும்பிப் பாப்பாரு, அத்தோட சரி.”

*படி*

அந்த வருடம் அக்காவுக்கு முட்டி வீங்கியது. ரப்பர் படகிலிருந்து ஏணியில் கால் வைப்பதே சிரமமாக இருந்தது. ஒரு துறைமுகத்தில் வெல்டிங் பட்டறை தேடிப் பிடித்து, ஏணிக்குக் கீழே இன்னொரு படி சேர்த்தேன். அதில் சில வாரம் ஓடியது. பிறகு அந்தப் படியும் உயரமாகிவிட்டது.

மூன்று தீவுகளுக்கு முன்னால் விமானம் இறங்கும் கடைசி ஊரில் அக்காவை அனுப்ப முடிவானது. தானும் கிளம்புவதாக சார் பெட்டியை எடுத்தார். அக்கா அதை வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்தார். காற்று சரியாக இருக்கிறது, இத்தனை வருடத்தில் இப்படி அமைந்ததில்லை என்று சார்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதையே அக்கா அவருக்குத் திருப்பிச் சொன்னார். விமான நிலைய வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வது போலச் சொன்னார்:

“நீங்க பாத்துப்போட்டு வாங்க. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானுங்க.”

*தீவு*

மூன்றில் முதல் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். வெள்ளை மணல், ஒரு வரிசைத் தென்னை, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. நங்கூரம் போட்டதும் நான் ரப்பர் படகை இறக்கினேன். சார், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். சாப்பிட்டதும், வெயில் தாழட்டும் என்றார். மறுநாளும் அப்படியே போயிற்று. கரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ரேடியோவைக் காரணமில்லாமல் திறந்தே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது பேசியது. “ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க.” பெண் குரல். உள்ளே படுத்திருந்த சார் வாசல் நிலையில் தலை இடிக்க எழுந்து, வெறுங்காலோடு மேலே ஓடினார். கரையைப் பார்த்தார். கரையில் யாருமில்லை. அந்தப் பக்கம் திரும்பிய ஒரு பிரெஞ்சுப் படகு, அங்கே எவ்வளவு ஆழம் என்று கேட்டது. எங்கள் பெயரை மாரியக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். சார் கீழே வந்து நிதானமாக ஆழத்தைச் சொன்னார். பவளப்பாறை எந்தப் பக்கம் என்றும் சொன்னார். பிறகு நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்.

“கரைக்கு எறங்கலீங்களா சார்?” என்றேன்.

“பாத்தாச்சுங்க தம்பி.”

*மோட்டார்*

இப்போது படகு கொச்சியில் ஒரு யார்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. நான் கணபதிக்குத் திரும்பிவிட்டேன். வாடிக்கையாளர்கள் மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். எனக்கு நின்றுகொண்டிருக்கும்போதே தரை ஆடுவது போலிருக்கிறது. கடலில் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் சாரின் தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது. மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரைப் பிரித்தேன். அக்கா கைத்தடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறார், ஏணி மட்டும் ஆகாது. மேற்கே மலையைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம்தான் கடல்.

“அந்தத் தீவு மணலு பவுடராட்ட இருந்துச்சாமா? கால் வெச்சா வலியே தெரியாதுன்னு அவரு சொன்னாரு. எத்தன தடவ கேட்டாலும் அப்புடியே சொல்றாரு” என்றார்.

நான் ஸ்குருவைத் தேடினேன்.

“தேடாத கண்ணு, உன்ற கையிலதான் இருக்குது. எந்தத் தீவுல எறங்கிட்டு வந்தாலும் அவரு செருப்ப நான்தான் தட்டிக் கழுவுவேன். இந்தத் தடவ பைய அவுத்துப் பாத்தேன், செருப்புல ஒரு பொட்டு மணல் இல்ல.”

சொல்லிவிட்டு எழுந்தார். சார் தென்னைக்கு நடுவே தூரத்தில் நின்றிருந்தார். அக்கா கூப்பிட்டார், இன்னொரு முறை கூப்பிட்டார், மூன்றாவது முறைக்கு அவர் திரும்பிப் பார்த்தார்.

ஸ்டார்ட்டரை மூடி மெயினைப் போட்டேன், மோட்டார் பிடித்தது, “தண்ணி வருது” என்று அக்கா சொன்னார், நான் தோட்டத்து வீட்டுச் சமையலறை ஜன்னலில் எந்தக் கடலுக்கும் எட்டாமல் சாய்ந்து கிடந்த அக்காவின் கையடக்க ரேடியோவைச் சார்ஜரில் நேராக உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.