டபுள் பேஸ் இருக்கு

தாஹா பாயின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது தான் மட்டும்தான் கெட்டது. நான் அடுத்தவரைக் கெடுத்தேன்.

என் பெயர் பீமராவ். ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு போர்ஷனில் குடியிருந்துகொண்டு கிடார் சொல்லித்தருகிறேன். முகூர்த்த நாட்களில் ரிசப்ஷனில் வாசிப்பேன். பதினெட்டு வருடமாக வாசிக்கிறேன். பந்திக்கு நேரமாகிவிட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் மேடைப் பக்கம் திரும்புகிற கூட்டத்துக்கு முன்னால்.

தாஹா பாய்க்குப் பாலக்கரையில் வீடு. நாற்பத்தியொரு வயது. ஷார்ஜாவில் ஒரு ஹோட்டலில் ஏசி மெயின்டனன்ஸ். அந்த ஹோட்டலில் ஒரு பிலிப்பைன்ஸ் பேண்ட் வியாழக்கிழமைதோறும் ராக்கபில்லி வாசித்திருக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்திய அமெரிக்க ஆட்டப்பாட்டு அது. தாளத்துக்குத் தனி ஆள் வேண்டாம். ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸ் வாத்தியத்தின் கம்பியைச் சுண்டி இழுத்து விட்டு, அது பலகையில் திரும்பி வந்து மோதுகிற சத்தத்திலும், உள்ளங்கையால் அறைகிற சத்தத்திலும் தாளமும் சுருதியும் ஒன்றாக வந்துவிடும். கூரையில் ஏணி போட்டு ஏசியைக் கழற்றிக்கொண்டே பாய் நான்கு வருடம் அதைப் பார்த்திருக்கிறார். பிறகு அந்த பேஸ்காரர் மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போனபோது, "நான் வாசிக்கவா?" என்று கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள். வாசித்த பிறகு சிரிக்கவில்லை. ஒரு வருடம் வியாழக்கிழமைகளில் அவர்தான் பேஸ்.

இதை ஊரில் அவர் மனைவி ரிஃபானாவிடமும், முந்தைய லீவொன்றில் கல்யாண மண்டபத்தில் ஏசி பார்க்க வந்த இடத்தில் பழக்கமான என்னிடமும் மட்டும்தான் சொன்னார்.

ஹோட்டலைப் புதுப்பிக்க மூடியதால் அவருக்கு ஆறு மாத லீவு கிடைத்தது. போன ஜனவரியில் வந்தார். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விட வேண்டும், இல்லையென்றால் விசா செத்துவிடும். போக அவருக்கு மனசில்லை. ரிஃபானாவுக்கு அதைவிட மனசில்லை. ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "லீவுல வர்ற ஆளு வீட்டுக்கு விருந்தாளிண்ணே. பதிமூணு வருசமா விருந்தாளிக்குத்தான் ஆக்கிப் போடுறேன். எனக்கு வீட்டுக்காரர் வேணும்."

அப்போதுதான் சமயபுரம் தாண்டி ஹைவேயில் ஒரு புது ரெஸ்டாரன்ட் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய அமெரிக்கா மாதிரி. சுவரில் பாதி கார் ஒட்டியிருக்கும், சிவப்பு மெத்தை நாற்காலி, பர்கர், கூடவே பரோட்டா. சனி ஞாயிறுகளில் நேரடியாகப் பாட்டு வேண்டும், அந்தக் காலத்து அமெரிக்கப் பாட்டாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஒரு பந்தல்காரர் மூலம் காதுக்கு வந்தது. பாயிடம் சொன்னேன். "அப்ப ஒரு பேஸ் வாங்கணும் ராவ்" என்றார்.

பேஸ் தேடினோம். சென்னையில் ஒன்று இருந்தது. முழு மரத்தில் குடைந்தது, ஜெர்மனியிலிருந்து எந்தக் காலத்திலோ வந்தது. தேன் நிறம். வில் போட்டதும் அறை முழுக்க முழங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், முட்டியால் தட்டிப் பார்த்தார், "வேணாம்" என்றார். மறுவாரம் பொன்மலையில், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ரயில்வே குடும்பத்தின் வீட்டில் இன்னொன்றைப் பார்த்தோம். வார்னிஷ் உரிந்து, ஓரம் நைந்து, அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. பாய் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"பிளைவுட் ராவ்."

எனக்கு ஆத்திரம் வந்தது. தேன் நிற ஜெர்மன்காரியை வேண்டாமென்றுவிட்டு பீரோக் கதவைப் பெண் பார்க்கிற மனிதரை என்ன சொல்வது? பாய் கோபப்படவில்லை. "முழு மரம் நம்ம ஊரு மே மாசத்துல வெடிச்சிரும். ஸ்பீக்கர் பக்கத்துல வச்சா ஊளையிடும். நான் வில்லா போடப்போறேன்? அறையப்போறேன். அறை வாங்குறதுக்குப் பிளைவுட்தான் ஒழுங்கு" என்றார். ஆள் வைத்துத் தேடினாலும் ஓட்டை கிடைக்காத நியாயம். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடத் தெரிந்தது.

பாலக்கரை வீட்டு மாடிப்படியில் அது ஏறவில்லை. என் வீட்டுக்கு வந்தது. வேனிலிருந்து போர்வை சுற்றி இறக்கியபோது, "என்ன வாகனம் சாமி இது, எந்தக் கோயிலுக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ஏப்ரல், மே முழுக்கப் பாய் தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து அதோடு மல்லுக்கட்டினார்.

முதலில் கம்பி. இருந்தவை நான்கும் எஃகு. அதை இழுத்து அறைந்தால் ஒரு வாரத்தில் விரல் பிய்ந்துவிடும். ஆட்டுக்குடல் நரம்பு வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். பாய் காந்தி மார்க்கெட் பக்கம் விவசாய மெஷின் கடைக்குப் போய், புல் வெட்டும் மெஷினில் சுழல்கிற நைலான் கயிற்றை இரண்டு தடிமனில் வாங்கி வந்தார். மேல்சுருதி இரண்டுக்கும் அதைக் கட்டினார், கீழ்ச்சுருதி இரண்டுக்கும் பழைய எஃகையே விட்டார். நைலான் துவளும், அகலமாக ஆடும். அதனால் கம்பி பலகையைவிட்டு இன்னும் உயர நிற்க வேண்டும். அதற்குக் குதிரையை உயர்த்த வேண்டும். வயலினில் கம்பிகளைத் தாங்கி நிற்குமே, அதே குதிரைதான், இதில் உள்ளங்கை அகலம். மேலூர் ரோட்டில் கதவு ஜன்னல் செய்கிற அழகிரி ஆசாரியைப் பிடித்தோம். பழைய தேக்கில் அறுத்துக் கொடுத்தார். அதன் கால் இரண்டும் வாத்தியத்தின் வயிற்று வளைவில் ஒரு மயிரிழை இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும் என்று, வயிற்றின் மேல் உப்புத்தாளை விரித்துக் குதிரையை அதன்மேல் தேய்த்துத் தேய்த்தே இரண்டு நாளைக் கழித்தார் பாய்.

பிறகு உள்ளே, கம்பியின் அதிர்வை முதுகுக்குக் கடத்துகிற ஒரு குச்சி. விரல் தடிமன். குதிரையின் வலது காலுக்குச் சற்றுக் கீழே, வயிற்றுக்கும் முதுகுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பக்கவாட்டுத் துளை வழியாக வளைத்த சைக்கிள் போக்ஸ் கம்பியில் குத்திக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் விழும், விழுந்தால் குலுக்கி எடுக்க வேண்டும். மூன்று நாள். அழகிரி ஆசாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"பாய், ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டா ஜென்மத்துக்கும் அசையாது."

"ஒட்டக் கூடாதுங்க. ஒட்டினா சத்தம் செத்துடும்."

"அப்ப எது புடிச்சு நிக்கும்?"

"மேல கம்பி அழுத்தும், கீழ முதுகு தாங்கும். நடுவுல அது சும்மா நிக்கும். கம்பியத் தளத்திட்டா விழுந்துடும்."

"சும்மா நிக்கிறதுக்கா மூணு நாளு" என்று ஆசாரி துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் நின்றது. பாய் கம்பியை முறுக்கி, சுண்டி விட்டார். என் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் தட்டு அதிர்ந்தது. அதே பேஸ்தானா இது என்று பார்த்தேன். அறைகிற சத்தத்துக்காக விரல் பலகைக்கு அடியில் ஒன்றும், சுருதிக்காகக் குதிரையின் காலில் ஒன்றுமாக ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் இரண்டு சின்ன பிக்கப் வைத்தார். ஜூனில் நாங்கள் இரண்டு பேரும் பதினான்கு பாட்டு தயார். நான் கிடாரும் குரலும், அவர் மற்றதெல்லாம். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்குச் சாயங்காலம் எப்போது வரும் என்றிருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

விசா முடியப் பத்து நாள் இருந்தது. "எழுத்துல ஒண்ணும் இல்லியே ராவ். ஒரு வார்த்தை கேட்டுருங்க" என்றார் பாய். என் வீட்டில் வைத்து, அவர் எதிரிலேயே ரெஸ்டாரன்ட் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

பாட்டெல்லாம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். "பேஸ் எப்படி சார்?"

"டபுள் பேஸே இருக்குங்க" என்றேன் பெருமையாக.

"அட. டபுள் பேஸ் இருக்கா? அப்ப வேற ஆளே பாக்க வேண்டாம் சார். வாரா வாரம் உங்களுக்குத்தான். ஜூலை ரெண்டாவது சனிக்கிழமை ஆரம்பிச்சுருவோம்."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். பாயும் காதால் கேட்டார். எழுந்து போய் அந்தப் பேஸின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். பத்து நாள் கழித்து விசா செத்தது. அன்று ரிஃபானா எங்கள் வீட்டுக்குக் கோதுமை அல்வா கொடுத்தனுப்பினார். நன்றாகச் சாப்பிட்டேன்.

திருச்சியில் பதினெட்டு வருடம் மேடை ஏறியவன் நான். சவுண்டு சர்வீஸ்காரர்களோடு சண்டை போட்டே பாதி வயது போயிற்று. டபுள் பேஸ் என்றால் இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும், ஆள் உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர் பெட்டி, கோயில் திருவிழாவில் ஜன்னல் கண்ணாடி ஆடுகிற பெட்டி. அந்த வார்த்தையை நானே ஆயிரம் தடவை அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் எனக்கு அந்த அர்த்தமே மறந்துபோயிருந்தது.

ஆடி பிறக்க நாலைந்து நாள் இருந்த சனிக்கிழமை. சமயபுரத்துக்கு நடந்துபோகிற மஞ்சள் புடவைக் கூட்டம் ரோட்டோரம். பேஸைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். மேடையின் இரண்டு பக்கமும் இடம் காலியாக விட்டு, சாக்பீஸால் கட்டம் போட்டிருந்தது.

"வாங்க சார். பெட்டி பின்னால வருதா?" என்றார் மேனேஜர்.

"எந்தப் பெட்டி?"

"டபுள் பேஸ் சார்."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "இதுதாங்க" என்று போர்வையை விலக்கினேன். பாய்க்கு விளங்கிவிட்டது. அவர் சாக்பீஸ் கட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இது என்ன சார், பெரிய வயலினா?" என்றார் மேனேஜர்.

வந்ததற்கு மூன்று பாட்டு வாசியுங்கள் என்றார்கள். வாசித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், பாய் அன்றைக்கு வாசித்ததைப் போல நான் எங்கேயும் கேட்டதில்லை. புல் வெட்டுகிற நைலான் பேசியது, உள்ளே அந்தக் குச்சி நின்றது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு அம்மாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார். மூன்றாவது பாட்டில் காலால் தாளம் போட்டார். எங்கள் ரசிகர் மன்றம் அவ்வளவுதான்.

மேனேஜர் கெட்டவரில்லை. முடிந்ததும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பேஸ் இல்லியே. பேஸ்னா நெஞ்சுல அடிக்கணும்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிறகு முதலாளியோடு போனில் பேசிவிட்டு வந்து, "இந்த வயலினும் பாயும் பார்க்க நல்லாருக்குன்னு முதலாளி சொல்றாரு. வீடியோ அனுப்பிச்சேன். பாட்டுக்கு நாங்க பெட்டி வச்சுக்கிறோம். பாய் கௌபாய் தொப்பி போட்டுக்கிட்டு இதோட சும்மா நின்னா போதும், ஜனம் செல்ஃபி எடுக்கும்" என்றார்.

"பாய், வாங்க போகலாம்" என்றேன்.

பாய் நகரவில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மேனேஜர் கேட்க, ஏசி மெயின்டனன்ஸ் என்றார் பாய். மேனேஜர் முகம் இன்னும் பிரகாசமானது. "அட. இங்க பதினாறு ஏசி இருக்கு பாய்."

அப்படியாகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஏணி, சனி ஞாயிறு தொப்பி. ஷார்ஜாவில் ஏணியிலிருந்து இறங்கினால் வாசிக்கவாவது விட்டார்கள். மன்னிப்புக் கேட்கப் பாலக்கரைக்குப் போனேன். பாய் வேலையில் இருந்தார். ரிஃபானா டீ கொடுத்தார். "வீட்டோடதான் இருக்காருண்ணே" என்றார். கேட்டது கிடைத்தவர் குரலாக அது இல்லை. "முந்தி விருந்தாளியாவது ஏதாச்சும் பேசுவாரு" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நான் போகவில்லை. போக முகமில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரம்பலூரில் ரிசப்ஷன் வாசித்துவிட்டு வரும்போது வேன் டிரைவர் அங்கேதான் காபிக்கு நிறுத்தினார். உள்ளே போனேன். மேடையில் சாக்பீஸ் கட்டங்களில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். நடுவில் பாய், சிவப்புச் சட்டை, தொப்பி, பேஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு. பாட்டுக்குத் தகுந்தபடி வலது கை அசைந்தது. கம்பியைத் தொடாமல் அசைந்தது. நான் கவனித்தேன், அந்தப் பாட்டில் பேஸ் எங்கே அறைய வேண்டுமோ சரியாக அங்கே அசைந்தது.

பாட்டு முடிந்து, ஒரு குடும்பம் போட்டோவுக்கு வந்தது. குழந்தை பிடித்துக்கொள்ளட்டும் என்று பாய் பேஸைச் சாய்த்தார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

அவர்கள் போனதும் கிட்டே போனேன். "பாய், குச்சி விழுந்துடுச்சு."

"தெரியும் ராவ். நான்தான் கம்பியத் தளத்தி விட்டேன். தெரியாம கை பட்டா சத்தம் வந்து பாட்டுக்கு இடைஞ்சலா இருக்குன்னாங்க."

"நிறுத்திடலாம் பாய். போக்ஸ் கம்பி என்கிட்டத்தான் இருக்கு."

"எதுக்கு? நிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேனே" என்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேனேஜர் கை காட்டினார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த பாட்டு பெட்டிகளிலிருந்து கிளம்பியது. மேசையில் காபி டம்ளர் நடுங்கியது. மேனேஜர் அன்றைக்குச் சொன்னது சரிதான். டபுள் பேஸ் நெஞ்சில்தான் அடித்தது.