சுறாவுக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை

இன்று நோர்பரி மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணை கொதித்துக்கொண்டிருந்தார். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகன் அலைச்சறுக்குக்குப் போகும் கடற்கரையில் சுறா தெரிந்ததாம்.

“எல்லாத்தையும் சுட்டுத் தள்ள வேணும்.”

“ட்ரோன் விட்டுப் பாத்து ஆக்களைக் கரைக்கு எடுக்கினம்தானே. அது போதாதோ அண்ணை?”

“உம்மடை பிள்ளையெண்டா இப்பிடிக் கதைப்பீரோ?”

கதைத்திருக்க மாட்டேன்தான். ஆனால் அவர் மகன் விளையாடப் போகும் இடம் சுறாவின் வீடு. வீட்டுக்காரனைச் சுடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

அதற்குள் அவருடைய முறை வந்தது.

“பால்சுறா இருக்கோ தம்பி? இஞ்சை மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பால் சுரக்கத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துக் குடுக்க வேணும். குட்டியாப் பாத்துத் தாரும்.”

கடற்கரையில் மனிதருக்கு எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். நோர்பரியில் சுறாவுக்கு யார் வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.