டார்லீன் டிக் அடித்த கட்டம்

ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் ஈரி ஊர் நூலகத்தில், பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை, செவ்வாயும் வியாழனும் நான் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் முப்பத்தொரு வருடம் தபால் ஆபீஸ் கவுன்டரில் நின்றவன். என் பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிட்டது. மேசைமேல் 'நேரம் குறித்துக்கொண்டு வரவும்' என்று கை அகல எழுத்தில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை. நூலகத்துக்கு வருகிறவர்களே படிக்கவில்லை என்றால் வேறு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

என் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற டார்லீன் சோப்சாக் அந்த மேசைப் பக்கம் வந்ததே இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஏரியிலிருந்து பனி அடித்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் காலையிலும் அவள் மஞ்சள் பேருந்து மட்டும் நேரத்துக்கு வரும். முதல் புருஷன் பதினோரு வருடம் முன்பு விட்டுவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எதையும் யாரிடமும் கேட்கமாட்டாள். கூரைக்குத் தார் பூசுவது, குழாய் மாற்றுவது, வரி கட்டுவது எல்லாம் அவளேதான். ஒருமுறை அவள் கார் பனியில் புதைந்து கிடந்தபோது மண்வாரியோடு ஓடினேன். "ரே, நான் உங்களைக் கூப்பிட்டேனா?" என்று கேட்டாள். மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஜனவரியில் சம்பளச் சான்று தபாலில் வந்த அன்றே கணினியில் உட்கார்ந்து வரிப் படிவத்தை அனுப்பிவிடுவாள். ஊரிலேயே முதல் ஆள் தான்தான் என்று அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமைதான் அவளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

நடந்தது இதுதான். அவளுடைய அத்தை ஒருத்தி, ஓய்வூதியம் இங்கே வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை என்று ஈக்வடாரில், மாந்தா என்கிற கடற்கரை ஊரில் குடியேறியிருந்தாள். டார்லீன் அவளைப் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் மோட்டார் பழுதாயிற்று. சரிசெய்ய வந்தவன் வில்மர் அஞ்சுந்தியா. மீன்பிடிப் படகுகளின் என்ஜின் பழுதுபார்ப்பவன், நாற்பத்தொன்பது வயது, பெண்டாட்டி செத்துப் பல வருடம். மோட்டாரைத் தானே கழற்றிப் பாதி பிரித்து வைத்திருந்தாள் டார்லீன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தானாம். அதில் விழுந்துவிட்டாள்.

இரண்டு வருடம் ஓடிய விசா காகிதங்களுக்குப் பிறகு அக்டோபரில் வந்து இறங்கினான். வந்து தொண்ணூறு நாளுக்குள் கல்யாணம் முடித்தாக வேண்டும் என்பது அந்த விசாவின் நிபந்தனை. பள்ளிக்கு கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டதும் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி நீதிமன்றக் கட்டடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஊரில் இருக்கிற போலந்துக்காரர் மன்றத்தில் விருந்து. அங்கே வறுத்துக் கொடுத்த ஏரி மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வில்மர், "தோன் ரே, இது மீனா, சாம்பிளா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். பெரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முன்னால் ஒரு தோன் சேர்ப்பது அவர்கள் ஊர் மரியாதை. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஜனவரி கடைசியில் சம்பளச் சான்று வந்தது. டார்லீன் வழக்கம்போல் உட்கார்ந்தாள். கணினி 'திருமணமானவரா?' என்றது. ஆம் என்றாள். 'கணவரின் சமூகப் பாதுகாப்பு எண்?' என்றது. அரசாங்கம் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் அந்த எண் அவனுக்கு இன்னும் வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகவிடவில்லை. பூஜ்யமாகப் போட்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, பின்னால் போய், 'திருமணமாகாதவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். கதவு திறந்துகொண்டது. அன்று மாலையே அனுப்பிவிட்டாள். நாலு வீடு தள்ளி நான் இருக்கிறேன். நடந்து வந்தால் மூன்று நிமிடம்.

ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, இருவரும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நேரம் குறிக்கவில்லை. வரிசையில் பழைய ஷூ பெட்டி நிறைய ரசீதோடு ஒரு ஆள் காத்திருந்தான். டார்லீன் இரண்டு காகிதங்களை வைத்தாள். ஒன்று, மே எட்டாம் தேதி பிட்ஸ்பர்க் குடியேற்ற அலுவலகத்தில் நேர்காணல் என்ற கடிதம். வில்மர் இங்கே தங்கலாமா, திரும்பிப் போக வேண்டுமா என்பது அன்று தெரியும். கடைசியாகக் கட்டிய வரிப் படிவத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று, அந்தப் படிவம்.

வீட்டில் அதைக் கண்டுபிடித்தவன் வில்மர். ஆங்கிலம் அவனுக்கு அரைகுறைதான். ஆனால் இரண்டு வருடமாக விசா படிவம் நிரப்பியவனுக்கு 'திருமணமாகாதவர்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் தூக்கத்திலும் தெரியும். முதல் பக்கத்தின் உச்சியிலேயே இருந்தது.

நான் படிவத்தைப் பார்த்தேன். கடிதத்தைப் பார்த்தேன். உண்மையான கல்யாணம்தானா என்று சோதிக்கக் கூப்பிடுகிறார்கள்; கையில் எடுத்துக்கொண்டு போகப்போவதோ, கல்யாணமே ஆகவில்லை என்று அவளே உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட்ட காகிதம். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. வருடத்தின் கடைசி நாளில் யார் எப்படி இருக்கிறார்களோ அதுதான் அந்த வருடம் முழுமைக்கும் கணக்கு என்று சொன்னேன்.

"நாலு நாள் கல்யாணத்துக்கு வருஷம் பூராவும் கல்யாணமா?" என்றாள் டார்லீன். "எந்த மடையன் எழுதின சட்டம் இது?"

"சட்டத்தை அப்புறம் திட்டிக்கலாம். ஜனவரியில ஏன் எங்கிட்ட வரல?"

அவள் ஷூ பெட்டிக்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், சேர்ந்து கட்டியிருந்தால் அவளுக்கு எண்ணூறு டாலர் கூடுதலாகத் திரும்பி வந்திருக்கும். ஏமாற்றுவதற்காகவாவது பொய் சொன்னாள் என்றால் அர்த்தம் உண்டு. இவள் நஷ்டப்படுவதற்குப் பொய் சொல்லியிருக்கிறாள். இதை அவளிடமே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சிறுவர் பகுதியிலிருந்து நூலகர் எட்டிப் பார்த்தார்.

நல்லவேளையாக வில்மருக்கு வேலை செய்யும் அனுமதியும் அந்த எண்ணும் மார்ச்சில் வந்திருந்தன. திருத்திய படிவம் ஒன்று போடலாம். ஆனால் அந்த வருடத்தில் வில்மர் இந்த நாட்டில் இருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. அவனை வருடம் முழுவதும் இங்கே வசித்தவனாகக் கருதும்படி இருவரும் சேர்ந்து ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், அவன் அந்த வருடம் உலகத்தில் எங்கே சம்பாதித்திருந்தாலும் அதைக் காட்ட வேண்டும். ஈக்வடாரிலும் புழங்குவது டாலர்தான் என்பதால் நாணய மாற்றுத் தொல்லை இல்லை. அதையெல்லாம் எழுதிக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள், நேரம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

வியாழக்கிழமை வந்தார்கள். நேரம் குறிக்கவில்லை. வில்மர் ஒரு கோடுபோட்ட நோட்டைத் திறந்தான். ஒவ்வொரு என்ஜினும், படகின் பேரும், வாங்கிய கூலியும் வரிசையாக இருந்தன. அதற்குக் கீழே இன்னொரு பட்டியல். எல்லாம் மீன்.

"இது என்ன?"

"கூலிக்குப் பணம் இல்லாதவங்க மீன் குடுத்தாங்க, தோன் ரே. எல்லாத்தையும் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க. ஊருக்கு போன் போட்டு என் தங்கச்சிகிட்ட விலை கேட்டேன். மொத்தம் அறுநூத்தி நாப்பது."

இத்தனை வருடமாக வரி மேசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு, மீனை வருமானமாக எழுதச் சொல்லி ஒருத்தன் கேட்டு அதுதான் முதல் தடவை. அவன் சொன்னது சட்டப்படி சரி என்பது இன்னும் எரிச்சல். எங்கே எழுதுவது என்று தேடினேன். பின்னால் இரண்டு பேர் கனைத்தார்கள்.

"மீனை விடு வில்மர்," என்றாள் டார்லீன். "அதையெல்லாம் அந்த ஊர்லயே தின்னு தீர்த்தாச்சு. யாருக்கும் தெரியாது."

அவன் நோட்டை மூடவில்லை. குரலும் உயரவில்லை.

"இதுல ஏற்கெனவே ஒரு பொய் இருக்கு, ரெய்னா. ரெண்டாவது வேண்டாம்."

ராணி என்று அவன் மொழியில் அவளைக் கூப்பிடுவான். அன்றும் அப்படித்தான் கூப்பிட்டான். டார்லீனின் கழுத்து சிவந்தது. அந்த நிமிடம்தான் எனக்கு விஷயம் உறைத்தது. நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் அவளுக்கும்தான். அவனை உறுத்தியது வேறு. கட்டிக்கொண்டு ஒரு மாதத்தில், தனக்குப் புருஷன் இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு மாதம் அதைச் சொல்லாமல் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறாள்.

மீனை எழுதினேன். அறுநூற்று நாற்பது.

திருத்திய படிவத்தின் கடைசியில், ஏன் திருத்துகிறீர்கள் என்று விளக்க ஒரு இடம் உண்டு. 'மணநிலை தவறாகக் குறிக்கப்பட்டது' என்று ஒரு வரி போதும் என்றேன். டார்லீன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். குனிந்து எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நான் எட்டிப் படித்தேன்.

'எனக்குத் திருமணம் ஆகியிருந்தது. கணவருக்கு எண் இல்லாததால் கணினி மேலே போகவிடவில்லை. யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டேன். என் கணவர் மீது தவறு இல்லை.'

"இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? ஒரு வரி எழுதினா போதும்னு சொன்னேனே," என்றேன். வரி அலுவலகம் பாவமன்னிப்புக் கேட்கிற இடமா? வேறு தாள் எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

வில்மர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தான். 'வெட்கம்' என்ற இடத்தில் விரல் நின்றது. அந்த வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் டார்லீன் ஸ்பானிஷ் மொழியில் சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டு, அவள் பேருக்குப் பக்கத்தில் தன் பேரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டான். ஷூ பெட்டிக்காரன் அன்றும் வந்திருந்தான். அவனே பொறுமையாக நின்றான்.

தபால் ஆபீஸுக்கு நானும் கூடவே போனேன். பதிவுத் தபாலில் அனுப்பி, தேதி முத்திரை நன்றாக விழுந்த ரசீதைக் கேட்டு வாங்கினேன். கவுன்டர் பெண் முதலில் மங்கலாகக் குத்தினாள். மறுபடி குத்தச் சொன்னேன். திருத்தம் பதிவாக நாலு மாதமாவது ஆகும். நேர்காணலுக்கு இருப்பது நாலே வாரம். கையில் நகலும் ரசீதும் மட்டும்தான்.

மே எட்டாம் தேதி என்ன நடந்தது என்று மறுநாள் என் வீட்டு வேலி ஓரமாக நின்று வில்மர்தான் சொன்னான். அதிகாரி ஒரு பெண்மணி. கல்யாணப் படம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பார்வையில் தள்ளிவிட்டு, முதல் படிவத்தையும் திருத்திய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாராம். விளக்கத்தை இரண்டு முறை படித்தாராம். உங்கள் மனைவி எழுதியிருப்பது உண்மையா என்று அவனைக் கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"உண்மைதான் மேடம், அவ யார்கிட்டயும் எதையும் கேக்க மாட்டா, அது தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன்னு சொன்னேன். அப்புறம் அவங்க அறுநூத்தி நாப்பது டாலர் மீன் என்னன்னு டார்லீனைக் கேட்டாங்க. இவ பத்து நிமிஷம் என்னைத் திட்டினா. அந்தம்மா எழுதறதையே நிறுத்திட்டாங்க."

மூன்று வாரம் கழித்து, வில்மர் இங்கேயே தங்கலாம் என்ற அட்டை வந்தது. நான் வேண்டாம் என்று சொன்ன அந்த வரிகள் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் இதை ஒப்புக்கொண்டதும் இல்லை.

அடுத்த பிப்ரவரி, முதல் செவ்வாய்க்கிழமை. மேசையின் இரண்டாவது காலை நான் இன்னும் விரிக்கவில்லை. டார்லீன் பேருந்து ஓட்டுகிற கோட்டோடு வந்து நின்றாள். பின்னால் வில்மர், கையில் கோடுபோட்ட நோட்டு. அவள் கையிலிருந்த சம்பளச் சான்று வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அத்தனை நாள் அவள் அனுப்பாமல் காத்திருக்கிறாள். தொண்டையைச் செருமினாள். தரையைப் பார்த்தாள்.

"ரே, எனக்கு ஒரு உதவி வேணும்."

நேரம் குறித்துக்கொண்டு வரவும் என்ற அட்டை என் கையில்தான் இருந்தது. அதை நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டு, இருவரையும் உட்காரச் சொன்னேன்.