நஷ்டத்தில் ஓடிய நெட் கம்பெனியும் எங்கள் மாமாவும்

ஷேர் புரோக்கர் ஆபீஸ் வைத்திருப்பவளுக்குக் கல்யாண வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்காது. இலையில் சாம்பார் விழுவதற்குள் பக்கத்து இலைக்காரர், "எதும்மா வாங்கலாம்?" என்று ஆரம்பித்துவிடுவார். டாக்டர், வக்கீல், ஜோசியர் எல்லாருக்கும் இந்த வேதனை புரியும். என் ஆபீஸ் கடலூர் திருப்பாப்புலியூரில், வீடு சிதம்பரத்தில். நடுவில் பஸ்ஸில்கூட விடமாட்டார்கள்.

பலாக்கன்று

என் தாய்மாமா கம்மாபுரத்துக்காரர். சுரங்க வேலையிலிருந்து ரிட்டையர் ஆன கையோடு, வந்த பணம் மொத்தத்தையும் ஒரு பிராட்பேண்ட் கம்பெனி ஷேரில் போடச் சொல்லி வந்து நின்றார். நேற்று முளைத்த கம்பெனி. நம் பக்கம் ஊர் ஊராகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு விடுவார்கள், ஒவ்வொரு தடவையும் நஷ்டம்.

இந்தப் பணம் போனால் மாமாவுக்கு வேறு வழி கிடையாது. எனக்கோ சொந்தத்தில் ஒரு விசேஷத்துக்குத் தலைகாட்ட முடியாது. இது நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனி, மாமா, ஒரு மாசம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். மனுஷன் அசரவில்லை.

"பலாக்கன்னு வெச்ச வருஷமே பழம் கேப்பியா நீ?"

நெட் வரல, வித்துடு

கன்று சரி, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அந்த யோசனையில் இருந்தபோதுதான் குறிஞ்சிப்பாடி ஜவுளிக்கடைக்காரர் வந்தார். அதே கம்பெனி ஷேரை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர். வீட்டில் ரெண்டு நாளாக நெட் வரவில்லையாம், அதனால் மொத்தத்தையும் விற்க வேண்டுமாம். உங்கள் வீட்டு ஒயருக்கும் ஷேருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் வீட்டம்மா போன் செய்து, லைன் வந்துவிட்டது என்றார்கள். போனை வைத்தவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"சரிம்மா, விக்க வேணாம். இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடு."

முதலாளி பேசுறேன்

கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கும் பாய் ஒருவர் கொஞ்சூண்டு ஷேர் வாங்கினார். லாபத்துக்கு இல்லை. குட்டைக் காவலுக்குக் கேமரா போட்டிருந்தார்; நெட் போனால் கேமரா போச்சு. ஷேர் வைத்திருந்தால் கம்ப்ளைன்ட்டைச் சீக்கிரம் கவனிப்பார்கள் என்று ஒரு கணக்கு. லைன் போன அன்றைக்குக் கம்பெனிக்கு போன் போட்டு, "உங்க முதலாளி பேசுறேன்" என்று மிரட்டினாராம். அந்தப் பக்கம் இருந்த பெண் குரலை உயர்த்தாமல் சொன்ன பதிலை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

"சார், காலையிலேர்ந்து நீங்க ஏழாவது முதலாளி."

கால் பங்கு

சிரித்து முடித்துவிட்டு பாயிடம் கேட்டேன், இவ்வளவு கடுப்பு இருக்கிறதே, வேறு கம்பெனிக்கு மாறிவிடலாமே? அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். அன்றிலிருந்து ஆபீஸுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதே கேள்விதான். எல்லாரும் திட்டினார்கள், ஒருத்தரும் மாறுவதாக இல்லை. திட்டுகிறவன் போகமாட்டான், போகிறவன் திட்டமாட்டான். பழைய கணக்குகளையும் புரட்டினேன். நஷ்டம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இளைத்துக்கொண்டே வந்தது.

தைரியம் வந்தது. ஆனாலும் ரிட்டையர்மென்ட் பணமாச்சே! மாமாவிடம், கால் பங்கு ஷேரில், முக்கால் பங்கு பேங்கில், இல்லையென்றால் வேறு புரோக்கரைப் பாருங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"முழுசா நம்பாதவளுக்கு எதுக்கும்மா ஒரு ஆபீஸு, ஒரு போர்டு?"

பாதி விலை

வாங்கிய கொஞ்ச நாளில் ஷேர் பாதியாக இறங்கியது. குலதெய்வம் பொங்கலுக்கு மாமா ஊரையே கூப்பிட்டார், என்னைத் தவிர. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஒருநாள் வந்து விற்கச் சொன்னார். பேங்குப் பணத்தில் வீடு நடக்கிறதல்லவா, இது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

அடுத்த மழைக்குப் புயல் வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது. மற்ற கம்பெனிகள் வருவதற்குள் இந்தக் கம்பெனி ஆட்கள் ஏணியோடு இறங்கிவிட்டார்கள். புதுக் கனெக்‌ஷன் கேட்டு அவர்கள் ஆபீஸ் வாசலில் கூட்டம் நெரிந்தது. கிள்ளை பாய் போன் செய்தார்.

"கரண்ட் இன்னும் வரலம்மா, நெட் வந்துடுச்சு. ஜெனரேட்டர் போட்டு இறாலப் பாத்துக்கிட்டிருக்கேன், அல்ஹம்துலில்லாஹ்."

பந்தி

அதற்கப்புறம் வந்த ஒரு கணக்கில் முதல் தடவையாக லாபம்! ஷேர் விழுந்த பள்ளத்திலிருந்து ஏறி, நாங்கள் வாங்கிய விலையையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஆபீஸில் நான் போட்ட கூச்சலில் கீழே இருந்த டீக்கடைக்காரர் மேலே ஓடி வந்தார்.

அந்த வாரம் குறிஞ்சிப்பாடியில் சொந்தக்காரர் கல்யாணம். மாமா எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். சாம்பார் வந்தது. எதிர்பார்த்த மாதிரியே ஒருவர், எதை வாங்கலாம் என்று ஆரம்பித்தார், ஆனால் மாமாவிடம்! மாமா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"கம்பெனிய நாந்தான் மொதல்ல பாத்தேன். ஆனா கால் பங்குக்கு மேல போடாதய்யா, எங்க மருமக விடமாட்டா."

இந்தத் தொழிலில் நான் பார்த்த லாபத்திலேயே பெரிசு, ஒருத்தர் தொந்தரவும் இல்லாமல் ரெண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அந்த ஒரு இலைச் சாப்பாடுதான்.