பிரெஞ்சுக் கதை வாசித்த சின்னம்மா

என் சின்னம்மாவைப் பிரான்ஸுக்குக் கட்டிக் கொடுத்ததற்கு அவர் வாசித்த ஒரு புத்தகமும் காரணம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். என் மாமா நம்பினார்.

அது தமிழில் வந்த பழைய பிரெஞ்சு நாவல். மட்டை கிழிந்த, தடித்த புத்தகம். எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் வாவியைப் பார்த்த பின்வாசற்படியில் இருந்து சின்னம்மா எனக்கு அந்தக் கதையைச் சொல்வார். ஒரு வியாபாரி தன் மகளை வயதான பிரபு ஒருவருக்குக் கட்டிக் கொடுக்கிறான். அவனுக்குக் கௌரவம் வேண்டும், பிரபுவுக்குப் பணம் வேண்டும். எனக்கோ அதில் வருகிற குதிரை வண்டி போதும். கலியாணம் வந்ததும் சின்னம்மா நிறுத்திவிடுவார்.

"பிறகு?"

"பிறகென்ன புள்ள, கலியாணம்தான். கதை முடிஞ்சுது."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியேறுவார். சின்னம்மாவுக்கும் எங்கள் வளவிலேயே வீடு கட்டியாயிற்று. ஜன்னல்களுக்கு நீலம் பூசியது அவரேதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஆனால் பாரிஸில் சொந்தக் கடை, அந்த நாட்டுப் பாஸ்போட் என்று ஒரு சம்பந்தம் வந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா மட்டும் தன் தங்கைக்காகக் கேட்டார். "அவளுக்கு விருப்பமோ?"

"அவளுக்கா? வாசிக்கிறதெல்லாம் அந்த நாட்டுக் கதைதானே!" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தேத்தண்ணித் தட்டோடு நின்ற சின்னம்மா, "எனக்கு இந்த வீடு போதும் அண்ணா" என்று சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

புறப்பட்ட அன்று புத்தகத்தை என் கையில் தந்தார். குதிரை வண்டி ஓடும் ஊருக்குப் போகிறாரே என்று எனக்கு ஒரே பொறாமை. முடிந்த கதையை வைத்து என்ன செய்வது என்று அதை அலுமாரியில் போட்டுவிட்டேன்.

அந்த வீடு இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. சின்னம்மா வீடியோ கோலில் வரும்போதெல்லாம் நீல ஜன்னலைத் திறந்து வாவியைக் காட்டச் சொல்வார். காட்டுவேன். பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன வருடம்தான் அந்தப் புத்தகத்தைத் தூசு தட்டி வாசித்தேன். கலியாணம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் முழுவதும் அந்தப் பெண் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்து காலம் கழித்த கதை. இவ்வளவு பக்கங்கள் மிச்சம் கிடக்கின்றனவே, அவற்றில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கலியாணத்தோடு கதை முடிந்துவிடும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.